கிணற்றடிக்குப் போகும் பாட்டு

மறதி நோய் வந்தவரைப் பார்த்து 'அறளை பேந்திட்டுது' என்று ஊர் சொல்லிவிட்டுப் போய்விடும். இரவும் பகலும் கூட இருப்பது மனைவிதான், இல்லாவிட்டால் கணவர். மறதி நோயை மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பிள்ளைகளின் பெயரே போன பிறகும், இளவயதில் கேட்ட பாட்டு நெடுநாள் தங்கி நிற்கும். பழகிய மெட்டைக் காக்கும் மூளைப் பகுதிகளை அல்சைமர் நோய் பிந்தித்தான் தொடுகிறது.

எந்தப் பாட்டு? அவருக்கு 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் காதில் விழுந்தவை. 1948இல் பிறந்தவரென்றால் 1958 முதல் 1978 வரை. இலங்கை வானொலிக் காலம். சினிமாப் பாட்டோடு நிறுத்த வேண்டாம். முல்லைத்தீவுப் பக்கத்தவருக்குக் கோவலன் கூத்து மெட்டு, 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவருக்குக் காமன் கூத்து, மன்னார்க் கத்தோலிக்கருக்குத் தேவாலயப் பாடல். 15 பாட்டுப் போதும். மெமரி கார்டில் ஏற்றிச் சின்ன ஸ்பீக்கரில் போடுங்கள். யூடியூப்பில் போட்டால் நடுவில் விளம்பரம் பெலத்துக் கத்தும். அமைதியாக இருந்தவர் திடுக்கிட்டு எழும்பிவிடுவார். காதுக்குள் ஒன்றும் செருக வேண்டாம். கதைக்கிற சத்தத்துக்கு மேல் போகவும் வேண்டாம்.

அதிகம் மல்லுக்கட்டுவது குளிப்பாட்டும்போதுதான். வாளியும் சவர்க்காரமும் துவாயும் முதலே கிணற்றடியில் இருக்க வேண்டும். விறாந்தையில் பாட்டைத் தொடங்கி, முன்னால் போய் அவர் கண்ணில் படும்படி நின்று, "இஞ்சரப்பா, வாங்கோ" என்று கை நீட்டுங்கள். பின்னாலிருந்து பிடித்தால் அடி விழும். பயத்தில் அடிப்பது அது. கதிரையில் இருத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீரை முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில், பிறகு தோளில் ஊற்றுங்கள். எடுத்தவுடன் தலையில் ஊற்றினால் மூச்சுத் திணறுவதுபோல் இருக்கும், அன்றோடு குளிப்பு முடிந்தது. சவர்க்காரத்தோடு இருக்கும்போது பாட்டு நின்றால் எழும்பிப் போய்விடுவார். ஆகவே 20 நிமிடத்துக்கு விடாமல் ஓடும்படி அடுக்குங்கள். கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால் அங்கே கொண்டுபோகவே வேண்டாம், முற்றத்தில் வைத்துக் குளிப்பாட்டுங்கள்.

மம்மல் பொழுதில் "வீட்ட போகோணும்" என்று படலையை நோக்கி நடப்பார். அந்தப் பதற்றம் தொடங்கிய பிறகு போடும் பாட்டு அவ்வளவாக எடுபடாது. 4 மணிக்கே தேத்தண்ணியோடு தொடங்குங்கள். தேவாரம் தெரிந்தவரென்றால் முதல் அடியை நீங்கள் பாடிவிட்டு 10 விநாடி பொறுங்கள். அடுத்த அடி வரும். வராவிட்டால் நீங்களே தொடருங்கள். "இது ஆர் பாடினது, சொல்லுங்கோ பாப்பம்" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அது பரீட்சை, தோற்றதாக நினைத்து வெட்கப்படுவார். விழுங்கச் சிரமப்படுகிறவர் வாயில் சோற்றோடு பாடினால் புரைக்கேறும். அவருக்குச் சாப்பிடும்போது பாட்டு வேண்டாம்.

வன்னிக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. செத்தவீட்டு ஒலிபெருக்கியில் கேட்ட சோக இசையும் யுத்த காலத்துப் பாட்டும் 2009ஐ அப்படியே கூட்டிவந்துவிடலாம். முகம் சுருங்கினால், கை விரல்கள் இறுகினால், உடனே நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழப்பம் கூடினால் பாட்டை மாற்றிப் பயனில்லை. சலக்கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, புதிதாகத் தொடங்கிய குளிசை ஆகியவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆள் பக்கத்தில் இருக்கும்போதே அழுகை வரும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் போரில் காணாமல்போன படையினரின் குடும்பங்களைப் பார்த்து, முடிவு தெரியாத இழப்பு என்ற ஒன்றை விளக்கினார். பிறகு மறதி நோயாளரின் துணைகளிடமும் அதையே கண்டார். வன்னிப் பெண்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகவும், முன்னால் இருந்தும் தன்னை அடையாளம் காணாத கணவருக்காகவும் ஒருங்கே அழுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கடைசி நாட்களில் கண் திறக்காவிட்டாலும் காது கேட்கக்கூடும். கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பாடுங்கள், ஒரே பாட்டானாலும் பரவாயில்லை.

அவர் இன்னும் முணுமுணுத்துப் பாடும் காலத்திலேயே 2 நிமிடம் போனில் பதிவுசெய்து, ஒரு பிரதியைப் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள். அந்தியேட்டி முடிந்த பிறகுதான் வீடு வெறிச்சோடும். முதல்முறை அதைத் தனியே, இரவில் கேட்க வேண்டாம். பகலில், தேத்தண்ணி வைத்துத் தர ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள்.