ற் பக்கத்தில் புள்ளி வராது

2025 ஜனவரி 9, வியாழன்

ஃப்ளெக்ஸ் இன்னும் கேட்டில்தான் தொங்குகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்று நாள் ஆயிற்று, அவிழ்க்க ஆளில்லை. எதிர்வீட்டு சார் படத்துக்குக் கீழேயே அரையடி எழுத்தில் ‘இயற்க்கை எய்தினார்’. பத்திரிகை ஆபீஸில் ஆயுசு முழுக்கப் புரூஃப் பார்த்த மனுஷனுக்கு! ‘ற் பக்கத்துல இன்னொரு புள்ளி வராது சார், ட் பக்கத்துலயும் வராது. முயற்ச்சி கிடையாது, முயற்சி.’ என்னிடம் மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பார்.

போகும்போதும் வரும்போதும் அந்த க் கண்ணைக் குத்துகிறது. அதுவும் நல்ல கண்ணை.

ஜனவரி 10

ராத்திரி பதினொன்றரைக்கு இறங்கிப் போனேன். வெள்ளை எனாமல் டப்பா அடியில் கொஞ்சம் இருந்தது, டர்பன்டைன் விட்டு இளக்கிக்கொண்டேன். நல்ல வேளை, இந்த ஃப்ளெக்ஸ்காரர்கள் செத்தவர்களுக்கெல்லாம் பின்னால் வெள்ளை மேகம்தான் போடுகிறார்கள். இரண்டு இழுப்பில் க் போயிற்று. தள்ளி நின்று பார்த்தால் ‘இயற் கை’. நடுவில் ஓட்டைப் பல் மாதிரி ஒரு சந்து. சிவப்பு மார்க்கரால் மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு போட்டேன். இடைவெளியை மூடு என்று அர்த்தம். அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 11

பதினொரு நாள்.

ஜனவரி 13, போகி

காலையில் நான் கண் பரிசோதனைக்குப் போயிருந்த நேரத்தில் இவள் பழைய பேப்பரை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டாள். நவம்பர் கட்டும் போயிற்றா என்றால், ‘கட்டுல மாசம் எழுதியா வச்சிருக்கு?’ என்கிறாள். கடைக்கு ஓடினேன். போகி நாள், கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கிறான். ‘எந்தப் பேப்பர் தாத்தா?’ என்றான். என்னவென்று சொல்வது. திரும்பி வந்துவிட்டேன்.

சாப்பிடவில்லை. இவளுக்கும் கோபம்.

ஜனவரி 14

வாட்ஸாப் முழுக்க வாழ்த்துக்கள், வாழ்த்துக்கள், வாழ்த்துக்கள். வாழ்த்துகள் என்று போட்டவர் ஒருவர்கூட இல்லை. இதில் மட்டும் நான் சார் கட்சி கிடையாது. பிரஷ் பிடித்து எழுதிப் பார்த்தவனுக்குத் தெரியும், அந்த க் இருந்தால்தான் வார்த்தை நிற்கும். ‘உங்களுக்கு எழுத்து அழகா இருந்தாப் போதும், தப்பா இருந்தாலும் பரவாயில்ல’ என்பார். ‘உங்களுக்குச் சரியா இருந்தாப் போதும், கோணலா இருந்தாலும் பரவாயில்ல’ என்பேன். ஐந்து வருஷம் இதே சண்டை.

பொங்கலில் இனிப்பு கம்மி.

ஜனவரி 18

வலது கண்ணுக்கும் புரை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரி 6.

ஜனவரி 22

மத்தியானம் பெயிண்டர் பையன் சம்ப் சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டான். அசோசியேஷனில் வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். நல்ல வேளை, பால்கனியில் நின்றிருந்தேன். ‘அந்த ஒரு சதுரத்த மட்டும் விட்டுடுப்பா’ என்று மேலிருந்தே கத்தினேன்.

அந்தச் சதுரம் 2019 ஜூனில் நான் எழுதியது. ஏரியெல்லாம் வற்றி, லாரி தண்ணீருக்கு ஊரே குடத்தை வைத்துக்கொண்டு நின்ற வருஷம். ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப்பில் பெயிண்ட் ஷாப்பிலிருந்து ரிட்டயராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது, கை அரித்துக்கொண்டிருந்தது. நீலத்தில் எழுதினேன்: ‘தண்ணீரை சிக்கணமாக பயன்படுத்தவும்’. மறுநாள் பார்த்தால் தண்ணீரைக்குப் பக்கத்தில் குட்டியாகச் சிவப்பில் ஒரு ச். ண-வைச் சுழித்து மேலே ன. கடைசியில் ஒரு ப். மூன்று வார்த்தையில் மூன்று பிழை. எந்தக் கழுதை என் எழுத்தில் கை வைத்தது என்று மாடிப்படியில் நின்று சத்தம் போட்டேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சட்டைப் பையில் சிவப்புப் பேனா. ‘நான்தான் சார். எழுத்து ரொம்ப அழகா இருந்தது, அதான் மனசு கேக்கல.’

எதிரும் புதிருமாக ஒன்பது வருஷம் இருந்திருக்கிறோம், அதுவரை லிஃப்டில் தலையாட்டியதோடு சரி. எனக்கு 61, அவருக்கு 67. அந்த வயசில் யார் புதிதாகச் சிநேகிதம் பிடிக்கிறார்கள்.

ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் முதல் தடவையாக வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். இரண்டு பேரும் நடந்தே போனோம். கிட்டே விடவில்லை, தூரத்திலிருந்துதான் பார்த்தோம். நான் வேகன் மேல் எழுதியிருந்த நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கட்டியிருந்த பேனரை. இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் ஸ்டேஷன் பக்கம் போனால் இதே விளையாட்டுதான். ரயில் வரும், ‘சார், இது எந்த வருஷம்?’ என்பார். பெட்டி நம்பரில் முதல் இரண்டு எண் அது செய்த வருஷம், அவ்வளவுதான் ரகசியம். அது தெரிந்த பிறகும் கேட்பார்.

பெயிண்டர் பையன் விட்டுவிட்டான். சதுரத்தைச் சுற்றிப் புது வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, வலது கண்ணால் பார்த்தால் டிகாக்ஷன் சிந்திய மாதிரி. சிவப்பு மட்டும் இரண்டிலும் சிவப்பு.

ஜனவரி 29, தை அமாவாசை

கோயம்புத்தூரிலிருந்து சார் வீட்டம்மா பேசினார்கள். வீட்டை வாடகைக்கு விடப்போகிறார்களாம். ‘தம்பி, அவரோட மேஜை டிராயர்ல சிவப்பு ரீஃபில் மட்டும் ஒரு பெட்டி இருக்கு. உங்களுக்கு வேணுமா, இல்ல தூக்கிப் போட்டுரவா?’

வேணும் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பேனாவே என்னிடம் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 17, அசோசியேஷன் மீட்டிங். கேட்டுக்கு நான் எழுதிய புதுப் பலகையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘வெளியார் வாகனங்களை உள்ளே நிறுத்த கூடாது’. பின் வரிசையிலிருந்து சார், ‘ஒரு க் விட்டுப்போச்சு சார்’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, ‘தப்புக் கண்டுபிடிக்கிறதத் தவிர உங்களுக்கு வேற என்ன சார் தெரியும்?’ என்று கேட்டுவிட்டேன். செயலாளர், அவர் மனைவி, கீழ்வீட்டுப் பையன்கள் எல்லோர் முன்னாலும். சார் எழுந்து, நாற்காலியை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் வாங்குவது ஒரு பேப்பர், நான் வாங்குவது ஒரு பேப்பர், பதினொரு மணிக்கு மாற்றிக்கொள்வோம். லாக்டவுனில்கூட நிற்கவில்லை, கதவிடுக்கில் செருகிவிடுவார். அன்றிலிருந்து பதினொரு நாள் பேப்பர் வரவில்லை. நானும் கொடுக்கவில்லை. கதவுக்கும் கதவுக்கும் ஆறடி.

28-ஆம் தேதி காலையில் கதவடியில் பேப்பர் கிடந்தது. உள்பக்கத்தில் ஏதோ ஒரு வார்த்தையைச் சிவப்பில் வட்டம் போட்டு, ஓரத்தில்: ‘சார், இது சரியா இல்லையா?’ லை-க்கு அந்தக் காலத்துத் துதிக்கை. 1978-இல் எழுத்தைச் சீர்திருத்தினார்கள், அச்சில் மாற்றிக்கொண்டார், கையெழுத்தில் கடைசிவரை மாற்றவே இல்லை.

என்னிடம் கேட்கிறார்! நான் ஒன்றும் சொல்லவில்லை. போய்க் காபி கேட்டேன்.

அதற்குப் பிறகு இருபத்துநாலு நாள்தான். வட்டம் போட்ட வார்த்தை எது என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. சரியாக இருந்த வார்த்தைதானோ என்று ஒரு சந்தேகம். அதைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5

சுகர் 148. இருந்தாலும் நாளைக்குச் செய்துவிடலாம் என்கிறார்கள்.

பிப்ரவரி 7

கண் கட்டைப் பிரித்தாயிற்று. எழுதக் கூடாது என்று இவள் நோட்டைப் பிடுங்க நிற்கிறாள், சுருக்கமாக. டிகாக்ஷன் போய்விட்டது, சுவர் வெள்ளை. தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது. பரணில் ஒரு கட்டு இருக்கிறதாம், எடைக்குப் போனது முழுக்க இல்லையாம், இப்போது சொல்கிறாள். மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் இறக்க முடியும்.

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை. இடது கண்ணுக்குப் போட்டபோது காலை ஆறு மணிக்குச் சார் பெல் அடிப்பார். இவளுக்குக் கை நடுங்குகிறது. போனில் அலாரம் எங்கே வைப்பது என்று