குறைவாக நடத்திய பெரும் நடத்துநர்

இசைக்குழு நடத்துநர்களில் கார்லோஸ் கிளைபரைப் போல என்னை ஈர்த்தவர் வேறு எவருமில்லை. அவர் 1930-இல் பெர்லினில் பிறந்தார். அவருடைய தந்தை எரிக் கிளைபரும் புகழ்பெற்ற நடத்துநரே. நாஜி ஆட்சியின் கலைக் கட்டுப்பாடுகளை எதிர்த்து 1934-இல் பெர்லின் அரசு ஓபரா எனும் இசைநாடக அரங்கின் பொறுப்பைத் துறந்தவர். மகன் அர்ஜென்டினாவில் வளர்ந்தார். சூரிச்சில் வேதியியல் படிக்கத் தொடங்கி, விரைவிலேயே இசைக்குத் திரும்பினார். பிறகு ஜெர்மன் ஓபரா அரங்குகளில் பல ஆண்டுகள் உழைத்தார்.

வழக்கத்தைவிட மிகுதியான ஒத்திகைகளைக் கேட்டுப் பெறுவதும், மனநிறைவு இல்லையெனில் நிகழ்ச்சியையே கைவிடுவதும் அவர் இயல்பு. அதைச் சிலர் பிடிவாதம் என்பர். நான் பொறுப்புணர்வு என்றே கருதுகிறேன். 1974-இல் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் அவர் பதிவுசெய்த பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில், தொடக்கத்தில் வரும், நாம் நன்கறிந்த அந்த நான்கு சுரங்கள்கூட, அடுத்து என்ன நிகழுமோ என்ற பதற்றத்தோடு ஒலிக்கின்றன. நடத்துநர் கரயானுக்குப் பின் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தலைமைப் பொறுப்பு தேடி வந்தபோதும் அவர் ஏற்கவில்லை. 1989, 1992 ஆகிய ஆண்டுகளில் வியன்னாவின் புத்தாண்டு இசை நிகழ்ச்சியை அவர் நடத்திய காணொளிகளில், தாளத்தை எண்ணிக் காட்டுவதை விட்டுவிட்டு, இசைத்தொடரின் வளைவையே கைகளால் வரைகிறார். இசைக்கலைஞர்கள்மீது அவருக்கிருந்த முழு நம்பிக்கை அதில் தெரிகிறது.