ராப் பர்ரோவும் கெவின் சின்ஃபீல்டும்

2023 மே மாசம் இங்கிலாந்துல இருக்குற லீட்ஸ் நகரத்துல ராப் பர்ரோ பேர்லயே முதல் தடவையா மாரத்தான் நடந்துச்சு, கெவின் சின்ஃபீல்ட் அவர ஸ்பெஷல் வீல்சேர்ல உக்கார வச்சு 42 கிலோமீட்டரும் தள்ளிட்டே ஓடினாரு, முடியுற கோட்டுக்கு முன்னாடி நின்னு குனிஞ்சு அப்படியே ரெண்டு கையில ஏந்திக்கிட்டு தாண்டினாரு. அந்த வீடியோவ நெறைய பேர் பாத்திருப்பீங்க.

ரெண்டு பேரும் லீட்ஸ் ரைனோஸ் டீம்ல ஒண்ணா ஆடின ரக்பி லீக் ஆளுங்க, கெவின்தான் ரொம்ப வருஷம் கேப்டன். ராப் அஞ்சடி அஞ்சு அங்குலம்தான். நூறு கிலோ ஆளுங்க மோதுற ஆட்டத்துல அந்த உயரத்த வச்சுக்கிட்டு அங்க ரக்பி லீக்ல பெரிய போட்டியான சூப்பர் லீக் பட்டத்த எட்டு தடவ ஜெயிச்சாரு, 2011 ஃபைனல்ல எதிர் டீம் செயின்ட் ஹெலன்ஸ் ஆளுங்க கைக்கு கீழ புகுந்து ஓடி போட்ட ட்ரைய (பந்த எதிரணி கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில வச்சு பாயிண்ட் எடுக்கறது) இப்பவும் பேசுறாங்க. 2017ல ரிட்டயர் ஆனாரு. 2019 டிசம்பர்ல மோட்டார் நியூரான் நோய்னு சொல்லிட்டாங்க, வயசு அப்ப 37. தசைய இயக்குற நரம்பெல்லாம் ஒவ்வொண்ணா சாகுற நோய் இது, நடக்க முடியாது, பேச முடியாது, கடைசில மூச்சும் விட முடியாது, இன்னைக்கு வரைக்கும் குணப்படுத்த மருந்து இல்ல.

கெவின் என்ன பண்ணாருன்னா, ராப் போட்ட ஜெர்சி நம்பர் 7ங்கறதால 2020 டிசம்பர்ல ஏழு நாள்ல ஏழு மாரத்தான் ஓடினாரு. இந்த நோய்க்காக நன்கொடையா கேட்டது 77,777 பவுண்டு, வந்தது இருபது லட்சம் பவுண்டுக்கும் மேல. அடுத்த வருஷம் லெஸ்டர்ல இருந்து லீட்ஸ் வரைக்கும் 24 மணி நேரத்துல 101 மைல். அதுக்கப்புறம் மாரத்தானை விட நீளமான அல்ட்ரா மாரத்தான்.

கெவின் ஓடினது பெரிய விஷயம்தான், ஆனா எனக்கு ராப் செஞ்சது அதவிட பெருசா தெரியுது. உடம்பு கரைஞ்சுக்கிட்டே வரும்போது கேமராவ வீட்டுக்குள்ள விட்டாரு. குரல் போச்சு, கண்ணாலயே எழுத்த தேர்ந்தெடுத்து கம்ப்யூட்டர பேச வச்சாரு, மனைவி சோறு ஊட்டுறதயும் ஊரு பாக்க விட்டாரு. நல்லா ஓடி ஆடின ஒருத்தர் தன் நிலமைய இப்படி வெளில காட்டறதுக்கு எவ்வளவு மனசு வேணும்! அதப் பாத்துதான் இந்த நோய் பேரே தெரியாதவங்க கூட காசு குடுத்தாங்க.

2024 புத்தாண்டுக்கு பிரிட்டன்ல வெளியிட்ட கௌரவப் பட்டியல்ல ரெண்டு பேருக்கும் சேர்த்தே சிபிஇங்கற அரச விருது அறிவிச்சாங்க, ஒருத்தர விட்டு ஒருத்தருக்கு குடுத்திருந்தா எனக்கு மனசு ஆறியிருக்காது. அதே வருஷம் ஜூன் 2ம் தேதி ராப் இறந்துட்டாரு, 41 வயசு. மறுநாளே லீட்ஸ் சீக்ராஃப்ட் ஆஸ்பத்திரில அவர் பேர்ல கட்டப்போற சிகிச்சை மையத்துக்கு வேல ஆரம்பிச்சாங்க, தள்ளிப் போட வேணாம்னு குடும்பமே சொல்லிடுச்சு. இந்த நோய் வந்தவங்க ஒவ்வொரு டாக்டரா தேடி வேற வேற கட்டடத்துக்கு அலையாம ஒரே எடத்துல பாத்துக்கணும்ங்கறது ராப்போட ஆச.

கெவின் அந்த டிசம்பரும் ஓடினாரு, ஏழு நாள், தினம் 50 கிலோமீட்டர்.