வயலினும் நாற்காலியும்

அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு வந்து மூன்றாவது குளிர்காலத்தில்தான் வயலின் பெட்டியைத் திறந்தேன். கும்பகோணத்திலிருந்து அதைத் தூக்கி வந்ததே அம்மாவின் பிடிவாதத்தால். "சரஸ்வதியைப் பரண்ல போட்டுட்டுப் போகாதே" என்றாள். இங்கேயும் அதற்குக் கிடைத்தது அலமாரியின் உச்சிதான், சூட்கேஸ்களுக்குப் பின்னால்.

திறந்தால் வில்லில் பாதி முடி அறுந்து தொங்கியது. மூடிக் கிடக்கும் பெட்டிக்குள் குதிரைமுடியைத் தின்கிற பூச்சி வரும் என்றார் ரிப்பேர்க்காரர். விரல்பலகையில் கறுப்பாகப் படிந்திருப்பது என்ன என்று கேட்டார். தேங்காயெண்ணெய் என்றேன். கமகத்துக்கு விரல் வழுக்கிப் போக வேண்டும் என்று ஒரு பொட்டு தொட்டுக்கொள்வோமே, அதுதான். 22 வருஷத்துக்கு முந்தைய எண்ணெய். மனிதர் முகர்ந்து பார்த்தார்.

எட்டு வயதில் ஆரம்பித்து ப்ளஸ் டூவில் நிறுத்தினேன். பரீட்சை என்பது ஊருக்குச் சொன்ன காரணம். அரங்கேற்றம், அரங்கேற்றம் என்று வாத்தியார் பேச ஆரம்பித்திருந்தார். வீட்டுக்கு வருகிற மாமா, அத்தை எல்லாரும் "எங்கே, ஒரு கீர்த்தனை" என்று எதிரே உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு ஸ்வரம் பிசகினால் வாத்தியார் திட்ட மாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். திட்டியிருந்தால் ஒருவேளை தொடர்ந்திருப்பேன்.

இங்கே நவம்பர், டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படி ஒரு சாயங்காலம் ஆபீஸ் தோழி கோபர்க் தெருவில் ஷின் ஏ என்ற பப்புக்குக் கூட்டிப்போனாள். ஐந்தாறு பேர் ஒரு மூலையில் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! மைக் இல்லை, மேடை இல்லை. ஒருவர் மெட்டை எடுக்கிறார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், தெரியாதவர்கள் பீர் குடிக்கிறார்கள். இரண்டு மூன்று தடவை சுற்றி வாசித்ததும் கண்ஜாடை காட்டி அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்குப் பாட்டைவிட அந்த முதுகுகள்தான் பிடித்தன. மறுவாரமே ஐரிஷ் வயலின் வகுப்பில் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, என் கைக்கு எல்லாமே தலைகீழ் என்று. நாம் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டுகிறோம். அவர்களுக்கு ஜி, டி, ஏ, ஈ. நம் மேல்தந்தியைவிட அவர்களுடையது வெகு உயரத்தில் நிற்கும். அது தெரிந்தும் பழைய தந்தியையே முறுக்கினேன். சமையலறையில் பட்டென்று அறுந்து புறங்கையில் கோடு கிழித்தது.

அடுத்தது நாற்காலி. சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் முட்டுக்கொடுத்துப் பழகியவளை நாற்காலியில் உட்காரவைத்தால் வாத்தியம் அந்தரத்தில் ஆடுகிறது. முதல் மாதம் முழுக்க என் வலது கால் எதையோ தேடித் தேடி மேலே ஏறிக்கொண்டே இருந்தது. டீச்சருக்கு அறுபது வயதிருக்கும். பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

விரலும் அப்படித்தான். நமக்கு ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழுத்துப் போக வேண்டும். இங்கே இழுத்தால் டீச்சர் தலையாட்டி மறுப்பார். ரோல் என்று ஒன்று உண்டு: ஸ்வரம், மேலே ஒரு தட்டு, திரும்ப ஸ்வரம், கீழே ஒரு தட்டு, மறுபடி ஸ்வரம். சுண்டுகிற மாதிரி நடந்து முடிந்துவிட வேண்டும். என் விரல் அதை வழுக்கிக்கொண்டே செய்தது. ஜிக் என்கிற நடன மெட்டு மட்டும் சுலபமாக வந்தது. ஆறெட்டுக் கணக்கு, மனசுக்குள் தகிட தகிட என்று சொல்லிக்கொண்டால் போதும்.

காதால் கேட்டுக் கற்பதும் எனக்குப் பழகியதுதான். டீச்சர் ஒரு துண்டு வாசிப்பார், நாங்கள் திருப்பி வாசிப்போம். கார்க், கெர்ரி எல்லையில் ஷ்லீவ் லூக்ரா என்ற மலைப்பக்கம் பாட்ரிக் ஓகீஃப் என்று ஒரு வாத்தியார் இருந்தாராம், 1963இல் இறந்தவர். மாணவர்களுக்கு மேற்கத்திய நோட்டேஷன் கொடுக்காமல் நான்கு தந்திக்கு நான்கு இடைவெளி, விரலுக்கு ஒரு எண் என்று தானே ஒரு முறை வைத்து எழுதிக்கொடுத்தார். அதைக் கேட்டபோது எங்கள் வாத்தியார் ச ரி க ம எழுதித் தந்த நாற்பது பக்க நோட்டு ஞாபகம் வந்தது. அட்டையில் பேருந்துப் படம்.

இரண்டாவது மாதம் டீச்சர் ஒரு மெட்டு எடுத்தார். நாலாவது ஸ்வரத்திலேயே என் விரல் அவரை முந்திவிட்டது. வந்தே மீனாக்ஷி! மேற்கத்திய மெட்டில் முத்துசாமி தீட்சிதர் கட்டிய நோட்டுஸ்வரம், சின்ன வயதில் சங்கராபரணத்தில் ஓட்டின அதே மெட்டு. டீச்சர் வில்லை இறக்கி, எங்கே கற்றாய் என்றார். இதற்கு இங்கே ரேக்ஸ் ஆஃப் மாலோ என்று பெயராம். மாலோ எங்களுக்கு அரைமணி ரயில் தூரம். டப்ளின் போகும்போதெல்லாம் அந்த ஸ்டேஷனைக் கடந்திருக்கிறேன். சென்னைப் பக்கம் மணலியில் இருந்த நாளில் தீட்சிதர் சகோதரர்கள் ஆங்கிலேயர் பேண்டைக் கேட்டதும், தம்பி பாலுசாமி வயலினையே நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்ததும் எனக்குப் பரீட்சைக்குப் படித்த விஷயம். அந்த பேண்டு வாசித்ததில் கார்க் கவுன்டியின் மெட்டும் இருந்திருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை மெதுவாக வாசிக்கிற செஷனுக்கு, அதாவது அந்த மாதிரி வட்டத்துக்கு, போகிறேன். பத்து மெட்டில் மூன்று தெரியும். மற்ற ஏழுக்கு வயலினை மடியில் நிறுத்திக்கொண்டு தொடையில் தாளம் போடுகிறேன். தப்பாக வாசித்தால் யாரும் கண்ணை மூடுவதில்லை. யாருக்கும் கேட்பதே இல்லை என்பதும் ஒரு காரணம்.

போன ஞாயிறு வீடியோ காலில் அம்மா, "ஒரு வர்ணம் வாசியேன்டி" என்றாள். இந்தச் சுருதியில் வர்ணம் வராதும்மா என்று சொல்லிவிட்டு மீனாக்ஷியை எடுத்தேன். அம்மா மடியில் தாளம் போட ஆரம்பித்தாள். ஒரு சுற்று நம்மூர் வேகத்தில் வாசித்தேன். இரண்டாவது சுற்றுக்குப் பப் வேகத்தைப் பிடித்தேன். கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்தாள், பிறகு கையை நிறுத்திவிட்டாள்.

"யார் துரத்தறான்னு இந்த ஓட்டம்? அம்பாளுக்கு மூச்சு வாங்கும்."