பிடிஎஃப்பை மட்டும் மாற்றிவிடட்டுமா என்று கேட்டார்கள்

மதுரையில் முதுநிலை படிக்கும் ஒருவர் எழுதிக் கேட்டபிறகுதான் எங்கள் கட்டுரையில் இருந்த பிழையை நாங்களே கவனித்தோம். நாங்கள் பினாங்கில் நடத்திய ரத்தக் கொழுப்பு ஆய்வைத் தன் மெட்டா அனாலிசிஸில் (பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வில்) சேர்க்க எடுத்திருக்கிறார். அட்டவணையில் கொலஸ்ட்ரால் சராசரி 5.2 மில்லிகிராம்/டெசிலிட்டர் என்று இருந்தது. மலேசிய லேப்கள் மில்லிமோல்/லிட்டரில் தருகின்றன, 5.2 மில்லிமோல் என்றால் கிட்டத்தட்ட 201 மில்லிகிராம். எண் சரி, அலகு தப்பு.

நான் ஒப்புதல் கொடுத்த மெய்ப்பை, அதாவது வெளியிடும் முன் சரிபார்க்க அனுப்பிய பிரதியை, தேடி எடுத்தேன். அதில் மில்லிமோல்தான். அதற்குப் பிறகு அச்சுக்கோப்பில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். மெய்ப்புப் பிரதியை அழிக்காமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய உதவி!

இதழின் ஆசிரியர் குழுவுக்கு எழுதும்போது சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான்: கட்டுரையின் டிஓஐ (இணையத்தில் அதற்குரிய நிலையான அடையாள எண்), எந்த அட்டவணை, அச்சில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், முடிவு மாறுகிறதா இல்லையா. மெய்ப்பையும் இணைத்தேன். பதில் சீக்கிரமே வந்தது: "பிடிஎஃப்பை மட்டும் மாற்றிவிடட்டுமா?" கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் பழைய பிரதியை இறக்கி வைத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? திருத்தம் தனி அறிவிப்பாக, தனி டிஓஐயுடன், மூலக் கட்டுரையோடு இணைப்பு கொடுத்து வர வேண்டும் என்று மறுத்துவிட்டேன். அடுத்து வந்த வரைவில் 'கொரிஜெண்டம்' என்று தலைப்பு. பல பதிப்பகங்களில் அது எழுதியவர் செய்த பிழைக்கு. பதிப்பகத்தின் பிழைக்கு 'எர்ராட்டம்'. மெய்ப்பை மறுபடி அனுப்பினேன். மாற்றினார்கள்.

உண்மையில் இழுத்தடித்தது எங்கள் பக்கம்தான். வரைவுக்கு என்னோடு கட்டுரை எழுதிய எல்லா இணை ஆசிரியர்களும் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கோலாலம்பூரில் இருக்கும் இளையவர் தயங்கினார். "அக்கா, என் புரமோஷன் ஃபைல் இப்பத்தான் உள்ள போயிருக்கு. யாராச்சும் ரிட்ராக்‌ஷன்னு நெனச்சிட்டா?"

ரிட்ராக்‌ஷன் என்றால் வெளியான கட்டுரையையே திரும்பப் பெறுவது. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023-இல் மட்டும் உலகம் முழுக்க 10,000-க்கும் மேல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன; பெரும்பகுதி ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களுடையவை. ஆய்விதழ்களின் வெளியீட்டு நெறிமுறைக்கான கோப் (COPE) அமைப்பின் வழிகாட்டியைக் காட்டினேன். முடிவையே நம்ப முடியாத நிலை, இட்டுக்கட்டிய தரவு, எழுத்துத் திருட்டு போன்றவைக்குத்தான் திரும்பப் பெறுதல். சிறு பகுதி மட்டும் பிழையாகி முடிவு நிற்குமானால் திருத்தம் போதும். படித்துவிட்டுச் சம்மத மெயில் போட்டார்.

அறிவிப்பு வந்தபின்னும் வேலை இருந்தது. எங்கள் நூலகக் களஞ்சியத்திலும் ஆய்வாளர்கள் கட்டுரை பகிரும் ரிசர்ச்கேட் தளத்திலும் பழைய பிரதியே கிடந்தது. அதை நாங்களேதான் மாற்றினோம். மேற்கோள்களைச் சேர்த்து வைக்க உதவும் ஸோட்டெரோ போன்ற மென்பொருள் திரும்பப் பெற்ற கட்டுரைக்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டும்; சாதாரண அட்டவணைத் திருத்தத்துக்குக் காட்டாது. அதனால் எங்களை மேற்கோள் காட்டியவர்களில் முகவரி கிடைத்தவர்களுக்கு அறிவிப்பின் இணைப்பை அனுப்பினேன். மதுரைக்காரருக்குத்தான் முதலில்.