வியூ இருக்கிறது, சரி, கழிவுநீர் எங்கே போகும்?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மனை வாங்குகிறவர்களுக்கு வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வியூவைத்தான். அடுத்து, கார் வாசல்வரை வருமா. அப்புறம் தண்ணீர், கரண்ட். வீட்டுக்குள் வரும் தண்ணீரைப் பற்றி இவ்வளவு கேட்கிறவர்கள், வெளியே போகிற தண்ணீரைப் பற்றி வாயே திறப்பதில்லை. மனையைப் பார்த்ததும் நான் தேடுவது அந்த வழியைத்தான்.

மலையில் காகித வேலை அதிகம் என்று எல்லோரும் புலம்புவார்கள். உண்மைதான். 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. ஹாக்கா என்று சொன்னால்தான் இங்கே புரியும். 1993-இல் மலைவாசஸ்தலங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன. நீலகிரியில் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. இடத்தைப் பொறுத்து வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று தடையில்லாச் சான்றுக்கு நடக்க வேண்டும். கலெக்டர் அனுமதி இல்லாமல் ஜேசிபியை உள்ளே விட முடியாது. நினைத்த இடத்தில் போர்வெல் போடவும் முடியாது. "நான் வீடு கட்டறதுக்கும் வேளாண் பொறியியலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று ஒருவர் கோபமாகவே கேட்டார். சரிவில் மண் அரிக்குமா என்று பார்ப்பது அவர்கள் வேலை, சார். ஒரு பக்கம் வெட்டினால் மேலே இருப்பது என்ன ஆகும் என்று கேட்பதற்கு யாராவது வேண்டாமா?

7 மீட்டர் விதியை மக்கள் சமாளிக்கும் விதம் தனி. ரோட்டில் நின்று பார்த்தால் அடக்கமான ஒற்றைத் தளம். எதிர் மலையிலிருந்து பார்த்தால் கீழே மூன்று தளம் தொங்கும். அப்படி பிளான் கேட்டு வருகிறவர்களை வேறு ஆளிடம் அனுப்பிவிடுவேன்.

பேரூராட்சி, ஊராட்சிப் பக்கமெல்லாம் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் கட்டி, அதிலிருந்து வழிகிற தண்ணீரை சோக் பிட்டில், அதாவது மண்ணுக்குள் ஊறவிடும் உறிஞ்சுகுழியில், விட வேண்டியதுதான். சமவெளியில் இது பரவாயில்லை. தண்ணீர் நேரே கீழே இறங்கிவிடும். சரிவில் அப்படி இல்லை. மேலே பொலபொலவென்று மண், அதற்கடியில் இறுகிய களியோ பாறையோ இருக்கும். உறிஞ்சின தண்ணீர் அதுவரை இறங்கி, அப்புறம் பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். பக்கவாட்டில் என்றால் கீழ்மனைக்காரர் வீட்டுக்கு.

போன குளிரில் கோத்தகிரி ரோட்டோரம் ஒரு வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். பின்பக்கத் தடுப்புச்சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஜனவரி மாதம், காலையில் உறைபனி, மழை நின்று வாரக்கணக்காகிறது. மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர் வெளியேறச் சுவரில் விட்டிருந்த ஓட்டையில், வீப் ஹோல் என்போம், அதில் மட்டும் விடாமல் தண்ணீர் வடிகிறது. குனிந்து பார்த்தால் ஓட்டையைச் சுற்றிப் பச்சைப் பாசி, கீழே சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு. கிட்டே போனதும் துணி சோப்பு வாசனை. அந்த வீட்டுப் பாட்டி நிதானமாகச் சொன்னார்: "மேல் வீட்டுல மெஷின் போட்டா ஒரு மணி நேரத்துல இங்க வந்துரும், தம்பி." மேல் வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். அவருடைய பிளானில் செப்டிக் டேங்க், சோக் பிட் எல்லாம் விதிப்படி இருக்கிறது, அனுமதியும் இருக்கிறது. அவர்மேல் என்ன குற்றம் சொல்வது?

எனக்கு வருத்தம் இங்கேதான். அனுமதி மனைக்கு மனை தனித்தனியாகக் கிடைக்கிறது. ஒரு சரிவில் பதினைந்து வீடு வந்தால் பதினைந்து சோக் பிட்டும் ஒரே மண்ணுக்குள் ஊறும். அந்தக் கணக்கை மொத்தமாகப் போட வேண்டிய இடம் லேஅவுட், அதாவது நிலத்தை மனைகளாகப் பிரிக்கிற வரைபடம். தேயிலைத் தோட்டத்தைச் சென்ட் சென்ட்டாக வெட்டி விற்கிறவர் ரோடு போடுவார், ஆர்ச் வைப்பார், நாலு சோலார் விளக்கும் நடுவார். ரோட்டோரம் கல் கட்டின வாய்க்கால், அது போய்ச் சேர ஓர் ஓடை, பொதுவாக ஒரு கழிவுநீர்த் தொட்டி? இதற்கெல்லாம் நாலு மனை விடவேண்டி வரும், அதனால் வராது. ரோட்டை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்காவிட்டால் அதைப் பராமரிக்கவும் யாரும் வரமாட்டார்கள். மேல்மனைக்கு மின்கம்பம் நடவேண்டுமானால் அந்தச் செலவு வீடு கட்டுகிறவர் தலையில். கம்பி அடுத்தவர் தோட்டத்தின் மேலே போனால் அவரையும் போய்க் கெஞ்ச வேண்டும்.

அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த மலைப்பகுதிக்கென்றே 2020-இல் ஒரு திட்டம் வந்தது. நிறையப் பேர் பணம் கட்டினார்கள், நானும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேண்டியதுதான். ஆனால் வாய்க்கால் விடாமல் விற்ற இடத்தில் இனி வாய்க்காலுக்கு யார் தன் மனையிலிருந்து மூன்றடி கொடுப்பார்?

2009 நவம்பர் மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்கமாட்டார்கள். மலை முழுக்கப் பல இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குன்னூர், கோத்தகிரி, கேத்தி எல்லாம் வடகிழக்குப் பருவமழையில் நனைகிற பகுதி. அதனால் மனை பார்க்க ஏப்ரல், மே மாத சீசனில் வராதீர்கள் என்று என்னிடம் கேட்பவர்களிடம் சொல்லிவிடுகிறேன். நவம்பரில், மழை பெய்துகொண்டிருக்கும்போது வாருங்கள். மனையில் நின்று வியூ பார்த்தது போதும், குடையைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுக்கு இறங்கிப் போய்த் தடுப்புச்சுவரைப் பாருங்கள். வீப் ஹோலில் தெளிந்த தண்ணீர் வந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கலங்கி, மண்ணோடு வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். புரோக்கர் உங்களோடு கீழே வரமாட்டார், காரிலேயே உட்கார்ந்திருப்பார். பரவாயில்லை, தனியாகவே போங்கள்.