பொற்கோயிலில் பாட்டு ஓய்வதில்லை

அமிர்தசரஸுக்குப் போகிறவர்களில் பலர் பொற்கோயிலைப் பகலில் ஒரு சுற்று சுற்றி, குளக்கரையில் படம் எடுத்து, எல்லாருக்கும் இலவசமாகச் சோறு போடும் லங்கரில் சாப்பிட்டுவிட்டு மத்தியானமே வாகா எல்லைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அங்கே பார்ப்பதைவிடக் கேட்பதற்குத்தான் அதிகம் இருந்தது. விடியலுக்கு முன் தொடங்கி இரவு நடை சாத்தும் வரை உள்ளே யாராவது பாடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பாட்டுக்காகவே அங்கே தங்கினேன்.

இருட்டோடு எழுந்து போனேன். தலையில் துணியைக் கட்டி, வாசலில் ஓடும் தண்ணீரில் காலை நனைத்துப் படியிறங்கினால் பளிங்குத் தரை சில்லென்கிறது. ஒலிபெருக்கியில் ‘ஆசா தி வார்’. ஆசா ராகத்தில் அமைந்தது. பெரும்பகுதி குரு நானக் பாடியது. தினமும் அங்கே பொழுது இதைக் கேட்டுத்தான் விடிகிறது. கொஞ்ச நேரத்தில், கோயிலுக்கு எதிரே இருக்கும் சீக்கியத் தலைமைப் பீடமான அகால் தக்த் பக்கமிருந்து கொம்பு ஊதும் சத்தம். இரவெல்லாம் அங்கே ஓர் அறையில் பள்ளிகொண்டிருந்த குரு கிரந்த் சாஹிப், அதாவது சீக்கியர்களின் புனித நூல், தங்கப் பல்லக்கில் கோயிலுக்கு வருகிறது. பல்லக்குக்குத் தோள் கொடுக்க அவ்வளவு போட்டி. நாலு எட்டு வைப்பதற்குள் அடுத்த தோள் வந்துவிடுகிறது. பூ இறைக்கிறார்கள், சாமரம் வீசுகிறார்கள்.

உள்ளே சிலை கிடையாது. விதானத்துக்குக் கீழே பட்டுத் துணியில் அமர்ந்திருப்பது கிரந்த் சாஹிப்தான். அதற்குள் இருப்பதோ பாட்டு. ஐந்தாவது குரு அர்ஜன் தொகுத்து, பாய் குர்தாஸ் கைப்பட எழுதி, 1604-இல் இந்தக் கோயிலில் வைத்தார்கள். 1708-இல் மகாராஷ்டிரத்து நாந்தேடில் பத்தாவது குரு கோவிந்த் சிங் தமக்குப் பிறகு மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சீக்கியர்களுக்கு அந்தப் பாடல்களே குரு. கோயிலில் நடக்கிற மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

இன்றைய அச்சில் 1430 பக்கம். பெரும்பகுதியை 31 ராகங்களின் கீழ்தான் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பாட்டை இந்த ராகத்தில் பாடு என்பது நூலுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஆறு குருமார்களின் பாடல்கள் இருந்தாலும் முத்திரை எல்லாவற்றிலும் ‘நானக்’ என்றே வரும். எந்த குரு பாடியது என்பதைத் தலைப்பில் உள்ள ‘மஹலா’ எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னை அசரவைத்தது அடுத்த விஷயம். நெசவாளி கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ், கசாப்புக்காரர் சதனா, முடிதிருத்துகிற சைன், மராட்டி பேசிய நாமதேவ், பாக்பட்டனில் வாழ்ந்த சூஃபி ஷேக் ஃபரீத் என்று சீக்கியரல்லாத எத்தனையோ பேரின் பாடல்கள் இதில் இருக்கின்றன. அரசரும் வந்து தலைவணங்கும் நூலில் இவர்கள் குரலும் குருவின் குரலாக இருக்கிறது. 1604-இல் இப்படிச் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

கோயிலுக்குள் எனக்குப் பக்கத்தில் வயதான சர்தார்ஜி ஒருவர் சப்பணமிட்டு உட்கார்ந்து, கூடவே வாய்க்குள் முணுமுணுத்தார். கோயில் பாடகர்களான ராகிகள் பிரபாதி ராகத்தில் கபீரை எடுத்தார்கள்: ‘அவல் அல்லாஹ் நூர் உபாயா’. ஒரே ஒளியிலிருந்து உலகம் முழுக்கப் பிறந்தது, இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கேட்கும் பாட்டு. பாடும்போது ஒரு வரிக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தார்கள். வெளியே வந்ததும் அதைப் பற்றிப் பெரியவரிடம் என் அரைகுறை இந்தியில் கேட்டேன்.

“அது ரஹாவு, பேட்டா. நின்று யோசி என்று குரு சொல்கிற இடம். பாட்டோட சாரம் அந்த வரியில்தான் இருக்கும்.”

அந்த வரி இதுதான்: மக்களே, மயக்கத்தில் திரியாதீர்கள், படைப்புக்குள் படைத்தவன், படைத்தவனுக்குள் படைப்பு. ராகி மற்ற அடிகளை ஒவ்வொன்றாகப் பாடி முடித்து ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து சேரும்போது, அதே வரி இன்னும் கொஞ்சம் கனக்கிறது. யாரும் கை தட்டுவதில்லை, தட்டவும் கூடாது. ஒரு குழு எழுந்தால் சத்தமில்லாமல் அடுத்த குழு வந்து உட்கார்கிறது.

இந்தப் பாட்டு மரபின் தொடக்கத்திலேயே ஒரு முஸ்லிம் இருக்கிறார். நானக் ஊர் ஊராக நடந்தபோது கூடவே ரபாப் என்ற நரம்புக் கருவியை வாசித்துக்கொண்டு போன பாய் மர்தானா. அவர் வழியில் வந்த ரபாபிகள் 1947 வரை இந்தக் கோயிலிலேயே பாடினார்கள். பிரிவினையில் அவர்கள் பாகிஸ்தானுக்குப் போக நேர்ந்தது. பல தலைமுறை காத்த பாட்டு ஒரே வருடத்தில் இடம் இழந்தது. அப்புறம், பெண்கள் இன்றும் கருவறைக்குள் கீர்த்தன் பாட முடிவதில்லை. அனுமதிக்கச் சொல்லி 2019-இல் பஞ்சாப் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. அத்தனை சாதிக்கும் மதத்துக்கும் இடம் கொடுத்த நூலின் முன்னால் பெண்குரல் கேட்காமலிருப்பது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

காலையில் ‘ஹுக்கம்நாமா’ எடுப்பதைத் தவறவிடாதீர்கள். நூலை வாசிக்கும் பொறுப்பிலிருக்கும் கிரந்தியார் கண்ணில் பட்ட பக்கத்தைத் திறந்து, இடப்பக்கத்தின் தலையில் இருக்கும் பாடலை வாசிக்கிறார். அது முந்தைய பக்கத்தில் தொடங்கியிருந்தால் பின்னால் புரட்டி, முதலிலிருந்து வாசிக்கிறார். அதுதான் அன்றைக்கு குரு சொன்னது. பலகையில் எழுதி வைக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கைப்பேசியில் படித்துக்கொள்கிறார்கள். வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைப்பதும் இப்படித்தான்: திறந்த பக்கத்துப் பாடலின் முதல் எழுத்தில் பெயர். கல்யாணத்தில் குரு ராம்தாஸின் ‘லாவன்’ என்ற நாலு திருமணப் பாடல்களைப் பாட, ஒவ்வொன்றுக்கும் கிரந்த் சாஹிப்பைச் சுற்றி ஒரு வலம். படுக்கும் முன் ‘சோஹிலா’ என்ற இரவுப் பாட்டு. அதையே இறுதிச் சடங்கிலும் ஓதுகிறார்கள்.

சாயங்காலம் ஆரத்திப் பாட்டு கேட்க மறுபடி போனேன். தட்டும் விளக்கும் இல்லாத ஆரத்தி. வானம் தட்டு, சூரியனும் சந்திரனும் விளக்கு, நட்சத்திரங்கள் முத்து, மலயத்துச் சந்தனக் காற்று தூபம் என்று நானக் பாடியது. பூரி ஜகந்நாதர் கோயிலில் பாடியதாகச் சொல்கிறார்கள். மலயம் என்றால் நம் பொதிகைதான்; பொதிகைத் தென்றலைப் பாடி வளர்ந்த மொழிக்காரனுக்குப் பஞ்சாபில் அந்த மலயக் காற்றைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

போகிறவர்களுக்கு ஒன்று: கீழ்த்தளத்தில் கூட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும், வணங்கியதும் நகரச் சொல்வார்கள். படியேறி மாடிக்குப் போய்விடுங்கள். அங்கே ஓரமாக உட்கார இடம் கிடைக்கும். குனிந்து பார்த்தால் கீழே ராகிகளும் கிரந்த் சாஹிப்பும் தெரிவார்கள். பாடும் பாட்டின் வரிகள் வெளியே திரைகளில் பொருளோடு ஓடும். முதலில் அங்கே கொஞ்ச நேரம் நின்று படித்துவிட்டு உள்ளே போனால் மொழி தெரியாதவர்களும் கூடவே போகலாம்.